டர்பனுக்கும் ஜோபர்க்குக்கும் நடுவே புல்லட் ரயில் வந்தால் யார் ஏறுவார்கள்?

தென்னாப்பிரிக்காவில் புல்லட் ரயில் பேச்சு சில வருடங்களுக்கு ஒருமுறை கிளம்பும், அப்புறம் அடங்கிவிடும். 2010இல் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் சிபுசிசோ ன்டெபெலே ஜோகன்னஸ்பர்க் (ஜோபர்க்)–டர்பன் அதிவேகப் பாதை பற்றிப் பேசினார். 2019 ஜூனில் குடியரசுத் தலைவர் ரமபோசா நாடாளுமன்ற உரையில் புல்லட் ரயில்கள் ஓடும் நாட்டைக் கற்பனை செய்துபாருங்கள் என்றார், நாடு முழுக்கச் சிரித்தது. 2022இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய ரயில் கொள்கையிலும் அதிவேக ரயிலுக்கு ஓர் இடம் உண்டு. இங்கே இருக்கும் நம் தமிழ் ஆட்களிடம் இதைச் சொன்னால் வரும் பதில் தெரிந்ததுதான்: முதலில் டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்கு உள்ளூர் ரயில் ஒழுங்காக வரட்டும், புல்லட்டை அப்புறம் பார்க்கலாம்.

அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிரித்துவிட்டுப் போவதற்கு முன்னால் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டிய வழித்தடம் ஒன்று இந்த நாட்டில் உண்டென்றால் அது இதுதான். ஜோபர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் 2022 கணக்கெடுப்பின்படி 1.5 கோடி பேர், டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டாலில் 1.2 கோடிக்கு மேல். நடுவில் சாலை வழியாகச் சுமார் 570 கிலோமீட்டர். தமிழ்க் குடும்பங்களை எடுத்துக்கொண்டால் பாதி சொந்தம் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும், மீதி கௌட்டெங் பக்கம் லெனேசியாவிலும் லாடியத்திலும். கல்யாணம், கருமாதி, ஈஸ்டர் சமயத்தில் டர்பன் பக்கத்து ஐசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா என்று என்3 நெடுஞ்சாலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறோம். என் கணக்குப்படி அதிவேக ரயில் வந்தால் விமானத்தை அது கிட்டத்தட்ட முழுசாக விழுங்கிவிடும், ஆனால் ஐந்து பேர் ஏறிய காரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒருவரையொருவர் கேட்காமலே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் விமானம். 200 கிலோமீட்டருக்குள் என்றால் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். 1,000 கிலோமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் விமானம்தான். நடுவில் இருக்கும் 300 முதல் 800 கிலோமீட்டர் வரைதான் அதிவேக ரயிலின் சொந்த நிலம், ஏனென்றால் அந்தத் தூரத்தில் விமானம் வானத்தில் இருக்கும் நேரத்தைவிட நாம் தரையில் காத்துக் கிடக்கும் நேரம் அதிகம். மாட்ரிட்–பார்சிலோனா 621 கிலோமீட்டர், நமக்கு ஏறக்குறைய அதே அளவு. 2008இல் அங்கே அதிவேகப் பாதை முழுமையாகத் திறப்பதற்கு முன் அது உலகத்திலேயே நெரிசலான விமானத் தடங்களில் ஒன்று, இப்போது அந்தப் பயணிகளில் பெரும்பாலானோர் இரண்டரை மணி நேரத்தில் ரயிலில் போகிறார்கள். தைவானில் 2007இல் தைபே–காவ்சியுங் அதிவேக ரயில் வந்த சில வருடங்களில் அந்த இரு நகரங்களுக்கு இடையே விமானமே நின்றுபோனது. பிரான்ஸ் சட்டமே போட்டுவிட்டது, ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போக முடிந்தால் சில உள்நாட்டு விமானத் தடங்கள் இருக்கக் கூடாதென்று, ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே அந்தப் போட்டியில் ரயில்தான் முன்னால் இருந்தது.

சாட்ஸ்வொர்த் வீட்டு வாசலில் இருந்து லெனேசியா வீட்டு வாசல் வரை போட்டுப் பாருங்கள். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையம் 2010இல் லா மெர்சிக்குப் போனதிலிருந்து நகர மையத்துக்கு வடக்கே 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, சாட்ஸ்வொர்த்தில் இருந்து போக்குவரத்தைப் பொறுத்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும், பறப்பது ஒரு மணி நேரம் சொச்சம், இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி, ஜோபர்க் விமான நிலையமான ஓ.ஆர். டாம்போவில் இருந்து லெனேசியா வர முக்கால் மணி. மொத்தம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அதிவேக ரயில் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் என்று வைத்துக்கொண்டாலும் ஏற்றம், வளைவு, நிறுத்தம் எல்லாம் போகச் சராசரி 220 தேறினால் நல்லது. அப்படியென்றால் நிலையத்தில் இருந்து நிலையம் இரண்டே முக்கால் மணி நேரம், இரண்டு பக்கமும் வீட்டுக்குப் போய்வரும் நேரம் சேர்த்து நாலரைக்குள் அடங்கிவிடும். பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம். ஆனால் அந்த நாலரையில் இரண்டே முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், தூங்கலாம். அலுவலக வேலையாகப் போகிறவர்களுக்கு இது போதும். 2021இல் மாங்கோவும் 2022இல் காமேரும் என்று இரண்டு விமான நிறுவனங்கள் மூடியபோது உள்நாட்டு விமானக் கட்டணம் எப்படி ஏறியது என்று நினைவிருப்பவர்களுக்கு, இன்னொரு வழி இருப்பதன் மதிப்பு தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இப்போது கார். இங்கேதான் ஆதரவாளர்கள் சொல்லாமல் விடுகிற கணக்கு இருக்கிறது. ஒரு சாதாரணக் கார் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் என்றால் டர்பனில் இருந்து ஜோபர்க் வரை 46 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 20 ராண்டுக்கு மேல், அதோடு மரியன்ஹில் முதல் டி ஹோக் வரை டோல் கட்டணம் சில நூறு ராண்ட். ஆக ஒரு வழிக்கு 1,300 ராண்டை ஒட்டி வரும். கார் தேய்மானத்தை யாரும் எண்ணுவதில்லை, நாமும் எண்ண வேண்டாம். இந்தச் செலவு ஒரு ஆள் போனாலும் அதுதான், அப்பா அம்மா பாட்டி இரண்டு பிள்ளைகள் போனாலும் அதுதான், தலைக்கு 260 ராண்ட். டோக்கியோவில் இருந்து ஒசாகாவுக்கு ஷின்கான்சென் என்ற ஜப்பானியப் புல்லட் ரயில் டிக்கெட் சுமார் 14,000 யென், ஏறக்குறைய 1,500 ராண்ட். அதாவது அங்கே ஒரு ஆள் கொடுக்கும் டிக்கெட் காசில் இங்கே ஒரு குடும்பமே போய்ச் சேர்ந்துவிடும். கட்டணத்தைப் பாதியாக்கினாலும் ஐந்து டிக்கெட் ஐந்து டிக்கெட்தான். மேலும் லெனேசியாவில் இறங்கிய பிறகு பாட்டியை உறவினர் வீடுகளுக்குக் கூட்டிப்போகக் கார் வேண்டும், பிரியாணி அண்டாவையும் துணிமணியையும் கோயில் சாமான்களையும் ரயில் மேடையில் யார் தூக்குவது? பாட்கோஸ் என்ற வழிச்சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவதே பயணத்தின் பாதிச் சுகம் என்று சொல்பவர்களை நான் மாற்றப் போவதில்லை.

ஸ்பெயினில் இதற்கு ஓரளவு விடை கிடைத்தது. 2021இல் இருந்து ஒரே பாதையில் வேறு நிறுவனங்களும் ரயில் விட அனுமதித்தார்கள், போட்டி வந்ததும் கட்டணம் நன்றாகவே குறைந்தது. ஆனால் அங்கே பாதை ஏற்கனவே போட்டு முடித்திருந்தார்கள், கட்டிய கடனை டிக்கெட்டில் ஏற்ற வேண்டிய நெருக்கடி புதுசாக வரும் நிறுவனத்துக்கு இல்லை. நாம் இனிமேல்தான் பாதையே போட வேண்டும்.

ஏன் புதுப் பாதை? இருக்கிற தண்டவாளத்தில் வேகமான வண்டியை விட்டால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இதற்குப் பின்னால் நம் கதையும் கொஞ்சம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் முதல் ரயில் 1860 ஜூனில் டர்பனில்தான் ஓடியது, சந்தையில் இருந்து துறைமுக முனை வரை மூன்று கிலோமீட்டர். அதே வருடம் நவம்பரில் சென்னையில் இருந்து முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கென்று வந்த கூலிகளில் பலரை அப்புறம் நட்டால் அரசு ரயில்வே எடுத்துக்கொண்டது, மலைமேல் ஏறிய அந்தப் பாதையில் அவர்கள் வேர்வை உண்டு. டர்பனின் முதல் பாதையின் அகலம், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி, இன்றைய அதிவேகப் பாதைகளைப் போல 1,435 மில்லிமீட்டராகவே இருந்தது! 1870களில் மலை ஏறுவதற்குச் செலவு குறையும் என்று 1,067 மில்லிமீட்டர் கேப் அகலத்துக்கு மாற்றிவிட்டார்கள். பாதை குறுகினால் கூர்மையான வளைவு போடலாம், மலையைக் குடைய வேண்டாம், சுற்றிச் சுற்றி ஏறிவிடலாம். அப்படிச் சுற்றியதால்தான் சாலையில் 570 கிலோமீட்டர் இருக்கும் ஊருக்கு ரயிலில் 700 கிலோமீட்டருக்கும் மேல் ஆகிறது. 1893இல் காந்தி பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இறக்கிவிடப்பட்ட அந்தப் பயணத்தில்கூட ரயில் சார்ல்ஸ்டவுன் வரைதான், அங்கிருந்து குதிரை வண்டி. ஜோகன்னஸ்பர்க் வரை தண்டவாளம் போய்ச் சேர்ந்தது 1895இல். 130 வருடம் கழித்தும் அடிப்படையில் அதே வழிதான்.

குறுகிய பாதையில் வேகமே முடியாது என்பதும் சரியல்ல. 1978 அக்டோபரில் தென்னாப்பிரிக்க ரயில்வே தன்னுடைய 6ஈ1 வகை எஞ்சின் ஒன்றை மாற்றியமைத்து, நேரான ஒரு துண்டுப் பாதையில் மணிக்கு 245 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டியது. அந்த அகலத்தில் அது உலகச் சாதனை. தடை அகலத்தில் மட்டும் இல்லை, வளைவில் இருக்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் ஓட வேண்டுமென்றால் வளைவின் ஆரம் நாலு கிலோமீட்டரை ஒட்டியாவது வேண்டும், நட்டால் மலைப்பாதையில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காத இடங்கள் ஏராளம்.

ஜப்பானை இங்கே கவனிக்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கும் இதே 1,067 மில்லிமீட்டர் பாதைதான். 1964க்கு முன் டோக்கியோ–ஒசாகா விரைவு ரயிலுக்கு ஆறரை மணி நேரம். இன்று நாம் காரில் டர்பனில் இருந்து ஜோபர்க் போகும் நேரம். பழைய பாதையைத் திருத்திப் பயனில்லை என்று முடிவு செய்து, பக்கத்திலேயே 515 கிலோமீட்டருக்கு 1,435 மில்லிமீட்டரில் முற்றிலும் புதிய பாதை போட்டார்கள். தொடக்கத்தில் நாலு மணி நேரம், இப்போது இரண்டரைக்கும் கீழே. சரி, நாமும் அப்படியே செய்யலாமே என்றால், கோவிட்டுக்கு முன் அந்தப் பாதையில் நாளொன்றுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயணம் செய்தார்கள். வழியெங்கும் நகோயா, கியோத்தோ என்று பெரிய பெரிய ஊர்கள். நமக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டினால் புல்வெளியும் மாடும்தான் ரொம்ப நேரத்துக்கு.

மலைக்கு வருவோம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது, டர்பன் கடலோரம். இந்த உயரத்தில் பெரும்பகுதியை டிராக்கன்ஸ்பெர்க் பக்கமாகக் கொஞ்ச தூரத்திலேயே ஏறியாக வேண்டும், வான் ரீனன் கணவாயில் காரை இரண்டாவது கியரில் போட்டவர்களுக்கு இது தெரியும். பயணிகள் மட்டும் போகும் அதிவேகப் பாதையில் ஒரு வசதி: வண்டி லேசானது, மோட்டார் பலமானது, ஆகவே செங்குத்தாக ஏறலாம். பாரிஸ்–லியோன் பாதையில் 1,000 மீட்டருக்கு 35 மீட்டர், ஜெர்மனியின் கொலோன்–ஃபிராங்க்ஃபர்ட் பாதையில் 40 மீட்டர் வரை ஏற்றம் வைத்தார்கள், மலையைக் குடையும் குகைப்பாதைகள் குறைந்தன. இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்துக் கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் அவ்வளவு செங்குத்தான பாதையில் சரக்கு ரயில் ஏறாது. ஒரே பாதையில் பயணியும் போகலாம், துறைமுகக் கண்டெய்னரும் போகலாம் என்று சொல்லும் எந்தத் திட்டத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள், இரண்டுக்கும் சேர்த்துக் கட்டினால் ஏற்றம் குறைய வேண்டும், ஏற்றம் குறைந்தால் குகைகள் நீளும், செலவு எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

செலவு என்று வந்ததும் நம் ஊர் ஆட்களுக்கு உயரமான எஞ்சின் ஞாபகம் வரும். அரசின் பயணிகள் ரயில் நிறுவனமான பிராசா நீண்டதூர ரயில்களுக்கென்று வாங்கிய டீசல் எஞ்சின்கள் இங்குள்ள பாதைக்கு உயரம் அதிகம் என்று 2015இல் வெளியே வந்தது, 2017இல் உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. 2020 ஊரடங்கில் நிலையங்களைக் கூரை ஓடு வரை கழற்றிக்கொண்டு போனார்கள், மேலே போகும் செம்புக் கம்பிகளைச் சொல்லவே வேண்டாம். பணக்கார நாடுகளும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2008இல் மக்கள் வாக்களித்த திட்டத்தின் மதிப்பீடு 33 பில்லியன் டாலரில் தொடங்கி 100 பில்லியனைத் தாண்டிவிட்டது. பிரிட்டன் 2023இல் தன்னுடைய எச்எஸ்2 அதிவேகப் பாதையின் வடக்குப் பகுதியை வெட்டிவிட்டது. மறுபக்கம், மொராக்கோ 2018இல் டான்ஜியர்–கெனித்ரா பாதையைத் திறந்து மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறது, ஆப்பிரிக்காவில் முதலாவது. அவர்கள் முழுத் தூரத்துக்கும் புதுப் பாதை போடவில்லை. கெனித்ராவில் இருந்து காசாபிளாங்கா வரை அப்போது பழைய பாதையிலேயே ஓட்டினார்கள், பாதை அகலம் ஒன்றாக இருந்ததால் அது முடிந்தது. நம்மால் அப்படித் துண்டு துண்டாகச் செய்ய முடியாது, கேப் அகலம் விடாது. நம்மிடம் 1,435இல் இருப்பது 2010இல் திறந்த, கௌட்டெங்குக்குள் ஓடும் கௌட்ரெயின் ஒன்றுதான், 80 கிலோமீட்டர், 160 கிலோமீட்டர் வேகம். அதுவும் லெனேசியா பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

அரசு மின்சார நிறுவனமான எஸ்காமை நம்பி ரயிலா என்ற கேலி மட்டும் கணக்கில் நிற்காது. ஒரு அதிவேக வண்டி முழு பலத்தில் இழுக்கும்போது 10 மெகாவாட்டை ஒட்டித்தான் கேட்கும். பத்து வண்டிகள் ஒரே சமயத்தில் மலை ஏறினாலும் 100 மெகாவாட். லோட்ஷெடிங் எனும் சுழற்சி மின்வெட்டில் ஒன்றாம் கட்டம் என்பதே 1,000 மெகாவாட். மின்சாரத்தின் அளவைவிட அது எதிலிருந்து வருகிறது என்பதுதான் விஷயம், நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 46 லிட்டருக்கு 106 கிலோ, ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 21 கிலோ. நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் ரயில் இதைவிடப் பெரிதாக ஒன்றும் மிச்சம் பிடித்துவிடாது. தனியாளாகக் கார் ஓட்டுபவர், விமானத்தில் போகிறவர் ஆகியோரை ரயிலுக்கு இழுத்தால்தான் லாபம். மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

காரில் போகும் குடும்பத்துக்கு இந்தத் திட்டம் எதுவுமே தராதா? பாதுகாப்பைப் பேச வேண்டும். இந்த நாட்டில் சாலை விபத்துகளில் வருடத்துக்கு 10,000 பேருக்கு மேல் சாகிறார்கள். ஷின்கான்சென்னில் 1964இல் இருந்து தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. ஜெர்மனியில் 1998இலும் சீனாவில் 2011இலும் அதிவேக ரயில் விபத்துகளில் பலர் இறந்தார்கள், மறுக்கவில்லை, ஆனாலும் ஒப்பிடவே முடியாது. என்3இல் நம்மைப் பயமுறுத்துவது மற்ற கார்கள் அல்ல, லாரிகள். டர்பன் துறைமுகத்துச் சரக்கு, ரயிலில் போயிருக்க வேண்டியது, அரசின் சரக்கு ரயில் நிறுவனமான டிரான்ஸ்நெட் தள்ளாடத் தள்ளாட எல்லாம் சாலைக்கு வந்துவிட்டது. 2021 ஜூலையில் மூய் ரிவர் பக்கம் லாரிகளை எரித்தபோது இரண்டு நகரங்களுக்கும் நடுவே போக்குவரத்தே நின்றது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன்–கேட்டோ ரிட்ஜ் தண்டவாளம் அரித்துப் போனது, இன்னும் கூடுதல் லாரிகள். 2024 செப்டம்பரில் வான் ரீனனில் பனி கொட்டி, ஹாரிஸ்மித் பக்கம் வண்டிகள் இரவு முழுக்க மாட்டிக்கொண்டன. பனிக்கு யாரும் பொறுப்பில்லை, அந்த வரிசையில் அத்தனை லாரி நின்றதற்குப் பொறுப்பானவர்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் 11 தனியார் நிறுவனங்களுக்குத் தண்டவாளத்தில் இடம் ஒதுக்குவதாக அறிவித்தார்கள், அது ஒழுங்காக நடந்து பாதி லாரி குறைந்தாலே நம் குடும்பங்களுக்கு எந்தப் புல்லட் ரயிலும் தர முடியாத நிம்மதி கிடைக்கும்.

வழி எது என்பதும் இன்னும் தீரவில்லை. நெடுஞ்சாலையைப் போல ஹாரிஸ்மித், வார்டன் என்று ஃப்ரீ ஸ்டேட் வழியாகப் போவதா, பழைய ரயில் வழியில் லேடிஸ்மித், நியூகாசில், ஃபோல்க்ஸ்ரஸ்ட் என்று போவதா? முதல் வழி தூரம் குறைவு, தட்டையான மேட்டு நிலம் சீக்கிரம் வரும். 1980களின் நடுப்பகுதி வரை இந்தியர்கள் தங்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்த மாகாணம் அது, நம் ஆட்கள் அங்கே அவ்வளவாக இல்லை. நியூகாசில் வழியில் 1913 இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தக் காலத்தில் இருந்து வேர்விட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு, அங்கே ஒரு நிலையம் வேண்டும் என்று கேட்பார்கள், லேடிஸ்மித்தும் கேட்கும், கேட்பதும் நியாயம். ஆனால் 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை நிறுத்தி, ஆளை ஏற்றி, மறுபடி அந்த வேகத்துக்குக் கொண்டுவர ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஏழெட்டு நிமிடம் போகும். நாலு ஊருக்கு நின்றால் அரை மணி நேரம் காலி, விமானத்தை வென்ற அந்த அரை மணி நேரம்.

என்னைக் கேட்டால் முதல் காசைப் புல்லட் ரயிலில் போட மாட்டேன். வெள்ளத்தில் போன பாதையைச் சரக்குக்காக எப்படியும் சீராக்கி ஆக வேண்டும், சமிக்ஞைக்கும் கம்பிக்கும் காவல் போட வேண்டும். அப்படிச் செய்த பிறகு அதே தண்டவாளத்தில் ஒழுங்கான ராத்திரி ரயில் ஒன்றை விடலாம்: இரவு எட்டரைக்கு டர்பனில் ஏறினால் காலை ஏழுக்கு ஜோபர்க். சராசரி 70 கிலோமீட்டர் வேகம் போதும், குகை வேண்டாம், புது அகலம் வேண்டாம். ஷோஷோலோசா மெய்ல் என்ற பெயரில் இந்த வண்டி முன்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது, நேரத்துக்கு வராததுதான் குறை. குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஆறு படுக்கை கொண்ட ஒரு பெட்டியை, ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல், பெட்டிக்கு இவ்வளவு என்று விற்றால் காரோடு போட்டி போட முடியும். காரையே ஏற்றிக்கொண்டு போகும் தட்டு வேகன் இரண்டு கோத்துவிட்டால் பிரியாணி அண்டா பிரச்சினையும் தீர்ந்தது.